சந்தனம் பூசிய பிரேக்

ஒரு மாற்றல் உத்தரவிலிருந்து தப்புவதற்காக, நாற்பத்தோரு வயதில், தொந்தியும் மூக்குக்கண்ணாடியுமாக நின்று, "நீச்சலா, எனக்கு அத்துப்படி சார்" என்று மேலதிகாரியிடம் சொன்னவன் நான். முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. சின்ன வயதில் காவிரியில் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கால்களால் மணலில் நடந்தபடியே கைகளை மட்டும் நீந்துகிறவன் மாதிரி வீசுவேன். கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அந்த வித்தை இன்னும் கைவசம் இருக்கிறது என்ற தைரியத்தில் வாயைவிட்டேன். அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. போட்டியை விஜயதசமியன்று வைத்துக்கொள்ளலாம் என்று தேதி குறித்துக் கொடுத்ததும் இந்த மேதைதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. திருச்சி கண்டோன்மெண்டில் ஓர் அலுவலகத்தில் நான் எழுத்தர். எங்களுக்குப் பெங்களூரிலிருந்து புது மேலாளர் வந்திருந்தார். காலையில் ஓடுகிறவர். ஓடுவதோடு நிற்காமல், ஓடியதைப் பற்றிப் பத்து மணிக்கு எங்களிடம் சொல்கிறவர். மேசைக்கு மேசை வந்து எங்கள் வயிறுகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில், ஒரே மூச்சில் நீந்தி, சைக்கிள் விட்டு, ஓடி முடிக்கும் போட்டி ஒன்றைப் பற்றிப் படித்துவிட்டார். நம் அலுவலகத்திலும் நடத்த வேண்டும் என்று கிளம்பிவிட்டார். எங்கள் ஹெட் கிளார்க், ஸ்ரீரங்கத்துக்காரர், ஓய்வு பெற நாலு வருஷம் இருந்தவர், சுற்றறிக்கையைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். "மூணு தண்டனையையும் தனித்தனியா குடுத்தா போதாதாம்" என்றார்.

மணப்பாறையில் அப்போது புதிதாக ஒரு கிளை திறந்திருந்தார்கள். எங்களிலிருந்து மூன்று பேரை அங்கே அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு. பெயர்களை எழுதப் போகிறவர் மேலாளர். என் மனைவி ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். அவளால் நகர முடியாது. ஆகவே நான் தினமும் போய்வர வேண்டும். எழுபதுகளில் ஒருமுறை, வேறொரு வேலையாக, இரண்டு மாதம் மணப்பாறைக்கு அப்படிப் போய்வந்திருக்கிறேன். அந்த பஸ் எனக்கு நன்றாகத் தெரியும். சந்தை நாளில், என் மடியில் யாரோ ஒருவருடைய எண்ணெய் டின், தோளில் யாரோ ஒருவருடைய தூக்கம், காலடியில் கால் கட்டிய கோழிகள் நாலு, அவற்றின் சொந்த விவகாரங்கள். வீடு வந்து சேரும்போது என் சட்டையைத் தனியாகத் துவைப்பாள் என் மனைவி. மாலை ஆறரைக்கு நூலகத்தில் உட்கார்ந்து படிப்பது ஒன்றுதான் என் வாழ்க்கையில் நான் விரும்பிச் செய்த காரியம். அது அந்த இரண்டு மாதமும் அடியோடு போயிற்று. இன்னொரு முறை அதைத் தாங்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். மேலாளருக்கு விளையாட்டுக்காரர்களைப் பிடிக்கும் என்றால் நான் விளையாட்டுக்காரன். அவ்வளவுதான் என் கணக்கு.

தேதி பேச்சு வந்தபோது மேலாளர் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை என்றார். நான் எழுந்து நின்றேன். "விஜயதசமி சார். அன்னிக்கு எது ஆரம்பிச்சாலும் ஜெயம். ஆபீசும் லீவு." மேலாளர் முகம் மலர்ந்தது. என் பெயரைக் கேட்டு டயரியில் எழுதிக்கொண்டார். என்னை ஹெட் கிளார்க் மட்டும் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூஜை என்பது மேதைக்கு உறைக்கவில்லை.

ஆயுத பூஜை எங்கள் வீட்டில் பலமாக நடக்கும். போட்டிக்கு முதல் நாள் மத்தியானமே என் சைக்கிளைக் கழுவித் துடைத்து, கூடத்தில் சாமி படங்களுக்கு எதிரே நிறுத்தினாள் மனைவி. கூடவே அவளுடைய கணக்குப் புத்தகங்கள், என் பேனா, அரிவாள்மனை, தையல் மெஷின், சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர், சைக்கிள் பம்பு, ஸ்பானர். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை செய்து கற்பூரம் காட்டிய பிறகுதான் தொடலாம். அதற்கு முன் தொட்டால் வருஷம் முழுக்கத் தொழில் விளங்காது. அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. சைக்கிளுக்கு ஹாண்டில்பாரில் தொடங்கி, சீட், பெல், மட்கார்டு, இரண்டு சக்கரத்தின் ரிம் முழுக்க, மூன்று மூன்று விரலாகச் சந்தனம் இழுத்து, மேலே குங்குமம் வைத்துக்கொண்டே போனாள். பிரேக் கட்டைகளுக்கு வந்தாள்.

"பிரேக்குக்கு எதுக்குடி?"

"அதுதானேங்க உயிரக் காப்பாத்துது? அதுக்குத்தான் மொதல்ல வச்சிருக்கணும்."

நாலு கட்டைக்கும் நாலு உருண்டை. ஹாண்டில்பாரில் செவ்வந்தி மாலை ஒன்று, சீட்டுக்குக் கீழே தொங்குகிற மாதிரி இன்னொன்று.

மறுநாள் வியாழக்கிழமை. ஆறிலிருந்து ஏழரை வரை எமகண்டம். அதற்குள் மறுபூஜை கூடாது. போட்டி ஆறரைக்கு. ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு பேரும் கூடத்தில் நின்று வழக்காடினோம்.

"சைக்கிளுக்கு மட்டும் இப்பவே தனியா கற்பூரம் காட்டிடறேன். எடுத்துக்கிட்டுப் போங்க. மத்ததெல்லாம் ஏழரைக்கு மேலதான்."

"பம்பு வேணுமே? ஸ்பானர்?"

"அது சாமிகிட்ட இருக்கு."

"சாமிக்கு எதுக்கு ஸ்பானர்?"

"உங்களுக்கு மட்டும் எதுக்கு? ஒரு ஆணி அடிக்கத் தெரியுமா உங்களுக்கு?"

உண்மையை அந்த நேரத்தில் மறுக்க எனக்குத் தெம்பில்லை. மாலையையாவது கழற்றுகிறேன் என்றேன். தானாக உதிர வேண்டும், கழற்றக் கூடாது என்றாள். பழைய காக்கி அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை அவளுடைய பாவாடை நாடாவால் பின்மண்டையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பூமாலை போட்ட சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, இருட்டு பிரியும் நேரத்தில் படித்துறைக்குப் போனேன்.

அங்கே இன்னொரு சிக்கல். எமகண்டத்தில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று ஹெட் கிளார்க் பிடிவாதமாக நின்றார். மேலாளர் நேரத்தை மாற்ற மறுத்தார். கடைசியில் சமரசம்: பதினோரு போட்டியாளர்களும் ஐந்து ஐம்பதுக்கு வலது காலை ஆற்றில் வைத்து ஒரு முழுக்குப் போட்டுவிட வேண்டும், அது ஆரம்பம். பிறகு கரையேறி நின்றுவிட்டு ஆறரைக்கு மறுபடி இறங்க வேண்டும், அது போட்டி. பதினோரு அரசாங்க வயிறுகள் ஈரத்தோடு நாற்பது நிமிஷம் வரிசையாக நின்று நடுங்கின. எதிரே பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் விளக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

காவிரியைப் பற்றி உயர்வாக எழுதுகிறவர்கள் படித்துறையில் இறங்காதவர்கள். கரையோரமாகவே, நெஞ்சளவு ஆழத்தில், நீரோட்டத்தோடு அடுத்த படித்துறை வரை போனால் போதும் என்று மேலாளர் ஏற்பாடு செய்திருந்தார். பத்திரத்துக்கு ஒரு பரிசல்காரர். என் வித்தைக்கு ஏற்ற ஆழம். கைகளை வீசினேன், கால்களால் நடந்தேன். ஆனால் கரையோரம்தான் ஊர் தன் அழுக்கையெல்லாம் கொண்டுவந்து தீர்க்கும் இடம். எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்களின் நுரை என் கண்ணாடியில் படிந்து உலகமே நெய்ப் பலகாரம் மாதிரி மின்னியது. பிண்டம் போட்ட சோறு மூக்கருகே வந்து நின்று, நகர மறுத்தது. தலைமுழுகிவிட்டு ஆற்றோடு விடும் பழைய துணிகள் அடியில் மணலில் சிக்கிக் கிடந்தன. அதில் ஒன்று, யாருடைய பீடை நீங்குவதற்காக விடப்பட்டதோ, ஒரு நாலு முழ வேட்டி, என் வலது முழங்காலைச் சுற்றிக்கொண்டது. உதறினேன். இடதையும் சுற்றிக்கொண்டது. வாயைத் திறந்து கத்தப் போய் ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போனது. அதன் ருசியை விவரிக்க மாட்டேன்; வாசகர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

பரிசல்காரர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். "நீந்துறீங்களா, நடக்குறீங்களாங்க?"

"நீந்தறேன்."

"காலு தரையில இருக்கே?"

"அப்பப்ப வைப்பேன்."

"சரிங்க, சரிங்க" என்று விலகிப் போனார். நல்ல மனிதர். மேலாளரிடம் சொல்லவில்லை.

பத்தாவது ஆளாகக் கரையேறினேன். பதினோராமவரான காசாளர், அறிவாளி, பாதியிலேயே பரிசலில் ஏறிக் கரைக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஏறிவிடத் தோன்றியது. மணப்பாறை பஸ் ஞாபகத்துக்கு வந்தது. என் அரைக்கால் சட்டைப் பைகளில் இருந்த மணலைக் கொட்டிவிட்டு, ஊரார் வேட்டியைக் காலிலிருந்து உரித்துப் போட்டுவிட்டு, சைக்கிளில் ஏறினேன். இனிப் பொன்மலை வரை சைக்கிள். அங்கே சைக்கிளை விட்டுவிட்டு அலுவலகம் வரை ஓட்டம்.

ஈரத்தோடு சீட்டில் உட்கார்ந்ததும் சந்தனமும் குங்குமமும் கரைந்தன. காவிரிப் பாலத்தை நெருங்குவதற்குள் ஒருவர் சைக்கிளில் பக்கத்தில் வந்து, மிகுந்த அக்கறையோடு, "சார், பின்னாடி ரத்தம் வருது" என்றார். குங்குமம் என்றேன். அவர் நம்பவில்லை. "கூச்சப்படாதீங்க. என் சித்தப்பாவுக்கும் இருந்துச்சு. நல்ல வைத்தியர் ஒருத்தர் உறையூர்ல இருக்காரு" என்று பாலம் முடியும் வரை விலாசம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் வேகத்தைக் கூட்டினேன். மனிதாபிமானத்திடமிருந்து தப்பித்து ஓடுவது எனக்கு அது முதல் தடவையில்லை.

பாலத்திலிருந்து இறங்கும் சரிவில் பிரேக்கைப் பிடித்தேன். உயிரைக் காப்பாற்றுவது என்பதால் அதிகச் சந்தனம் பெற்ற பிரேக். ராத்திரி காய்ந்து கட்டியாகி, இப்போது நனைந்து களிம்பாகி, ரிம்மை மிருதுவாகத் தடவிக் கொடுத்தது. சைக்கிள் நிற்கவில்லை, மணத்தது. சத்திரம் பஸ் நிலையத்தை நோக்கிப் பூமாலையோடு பறந்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொரு கடை வாசலிலும் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். உள்ளே குங்குமத்தைக் கொட்டி, நடு ரோட்டில் ஓங்கி அடிப்பது. அடித்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்பது சாஸ்திரம்; எனவே யாரும் கூட்டி அள்ளுவதில்லை. ராத்திரி முழுக்க லாரிகளும் மாடுகளும் மிதித்து, காலையில் அந்தத் தெரு முழுவதும் ஒரே சிவப்புக் கூழ். விதைகள், நார், ஈ. தங்கள் கடைக்குப் பட்ட கண்ணை ரோட்டில் போகிறவன் காலடிக்கு மாற்றிவிடும் இந்த ஏற்பாட்டை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தான் என்று எனக்குத் தெரியாது. முன்சக்கரம் ஒரு பெரிய பூசணி மேல் ஏறியது. பிறகு நான் அதன் மேல் இருந்தேன். முகம் கீழே, சைக்கிள் மேலே.

எழுந்து பார்த்தேன். கண்ணாடி, பாவாடை நாடாவின் புண்ணியத்தில், பிழைத்திருந்தது. ஹாண்டில்பார் சக்கரத்துக்குக் குறுக்காகத் திரும்பியிருந்தது. சீட்டுக்குக் கீழே தொங்கிய மாலையின் வாழைநார் செயினுக்குள் போய், பின்சக்கரப் பல்லில் இறுகச் சுற்றி, சக்கரம் சுழலவே மறுத்தது. ஒரு ஸ்பானர் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. கத்தி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. பத்தடியில் ஒரு சைக்கிள் கடை. தெய்வம் என் பக்கம் என்று நினைத்தேன். தெய்வம் கடைக்கு உள்ளே இருந்தது. அதற்கு எதிரே, வாழையிலையில், அந்தக் கடையின் அத்தனை ஸ்பானர்களும் வரிசையாகச் சந்தனம் பூசிப் படுத்திருந்தன.

"இன்னும் மறுபூஜை போடலீங்க" என்றார் கடைக்காரர். "எமகண்டம் போகட்டும்னு இருக்கேன். அப்புறம் அய்யரு வரணும். ஒரு ஒம்போது, ஒம்போதரை ஆயிரும்."

"அண்ணே, நீங்க தொட வேணாம். நான் எடுத்துத் திருகிட்டு அப்படியே வச்சிடறேன்."

"அதெப்படிங்க? என் தொழிலுங்க. நீங்க தொட்டா மட்டும் தோஷம் உங்க வீட்டுக்கா போவும்?"

"ஒரு கத்தியாவது—"

"கத்தியும் சாமிகிட்டதாங்க இருக்கு. உக்காருங்க. மூஞ்சிய கழுவுங்க. பொரி சாப்பிடுங்க."

இரண்டு கையும் கொள்ளாத அளவுக்குப் பொரியும் கடலையும் வெல்லமும் அள்ளிக் கொடுத்தார். பூஜைப் பொரியை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. ஈர அரைக்கால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த கடை தெப்பக்குளத்தைத் தாண்டி. அங்கே கடைக்காரர் வரவே இல்லை. அவர் மனைவி இருந்தார். ஸ்பானர் என்ற சொல்லைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பொரி கொடுத்தார். இரண்டாவது பையும் நிரம்பியது.

அப்போதுதான் எனக்கு அந்தப் பிரகாசமான யோசனை வந்தது. பாலக்கரையில், மாதா கோயிலுக்குப் பக்கத்தில், ஒரு கிறிஸ்தவர் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவருக்கு எமகண்டம் கிடையாது. ஆயுத பூஜை கிடையாது. நகர மறுக்கும் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முன்சக்கரத்தைக் கோணலாக உருட்டிக்கொண்டு, படித்தவன் எப்போதும் பிழைத்துக்கொள்வான் என்ற நினைப்போடு அங்கே போய்ச் சேர்ந்தேன். கடைக்காரர் கோயிலிலிருந்து திரும்பி வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். கதையைக் கேட்டுவிட்டு உச்சுக்கொட்டினார்.

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க. ஆனா கடைதான் என்னுது. சாமானெல்லாம் என் மெக்கானிக்குது. அவரு நேத்தே பூசை போட்டு மூடிட்டுப் போயிட்டாரு."

"நீங்க முதலாளிதானே? நீங்க எடுக்கலாமே?"

"எடுக்கலாம். நாளைக்கு ஒரு பஞ்சர் சரியா ஒட்டலேன்னா, நீங்க எடுத்ததுனாலதான்னு வருஷம் பூரா சொல்லுவாரு. அதுக்கு நான் எங்கேங்க போவேன்? பொரி வச்சிட்டுப் போயிருக்காரு, சாப்பிடுறீங்களா?"

இடமில்லை என்று சொன்னேன். ஈரத்தில் ஊறிய பொரி அதற்குள் இரண்டு பைகளிலும் உப்பி, வெல்லம் கரைந்து, தொடை வழியாக வழியத் தொடங்கியிருந்தது. ஈக்கள் பூசணியிலிருந்து எனக்கு மாறியிருந்தன.

உருட்டிக் கை ஓய்ந்துவிட்டது. சைக்கிளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். கோபத்தில் மனிதனுக்குப் பலம் வரும் என்று படித்திருக்கிறேன். அருவருப்பில் அதைவிட அதிகம் வருகிறது. கொஞ்ச தூரம் போனதும் ஸ்கூட்டர் சத்தம். மேலாளர். போட்டியாளர்களைத் தேடி வந்தவர் என்னைப் பார்த்து ஸ்கூட்டரை நிறுத்தினார். அவர் கண்களில் நீர் என்றே சொல்லலாம்.

"இதுதான்! இதுதான் நான் எதிர்பார்த்த மனுஷன்! விட்டுடாதீங்க!"

"சார், ஸ்கூட்டர் டூல் பாக்ஸ்ல ஒரு ஸ்பானர் இருக்குமே?"

"இருக்கு. ஆனா குடுக்கக் கூடாது. வெளியாள் உதவி வாங்கினா தகுதி போயிடும். ரூல்." தோளைத் தட்டினார்; பூசணி விதை ஒன்று அவர் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. "கடையிலகூட கேக்காமத் தூக்கிட்டு வந்தீங்க பாருங்க, அதுதான் வீரம்."

மூன்று கடைகளில் பிச்சை எடுத்து, மூன்றும் இல்லை என்றதால் மட்டுமே நான் இன்னும் போட்டியில் இருந்தேன். அவர் போனார்.

பொன்மலை ரோட்டில் கூட்டம். ரயில்வே பட்டறையின் பூஜை அலங்காரத்தைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நெற்றியெல்லாம் குங்குமம் வழிய, சட்டையில்லாமல், ஈரக் காக்கியோடு, மாலை போட்ட சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வெறுங்காலில் வருகிறவனைப் பார்த்து அவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு தொழிலாளி தன் கூட்டாளியிடம், "சைக்கிள் காவடிடா. இப்பத்தான் பாக்கறேன்" என்றார். குழாயடியில் நின்றிருந்த ஓர் அம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நான் தடுப்பதற்குள் என் இரண்டு காலிலும் தண்ணீர் ஊற்றி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எந்தக் கோயிலுக்குங்க?"

"ஆபீசுக்கு."

"நல்லா இருப்பீங்க" என்றார். பின்னால் வந்த தம் பிள்ளைகளையும் கும்பிடச் சொன்னார். என் வாழ்நாளில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டவர்கள் அவர்கள் மட்டும்தான். அந்த நிமிஷத்தில் என்னைப் பற்றி எனக்கு எழுந்த வெறுப்பு, பூசணி, பொரி, வேட்டி எல்லாவற்றையும் சேர்த்து வைத்தாலும் அதற்கு ஈடில்லை. ஒரு பஸ்ஸிலிருந்து தப்புவதற்காக ஒருவன் எவ்வளவு தூரம் போவான்!

பொன்மலை மைதானத்தின் ஓரத்தில் ஹெட் கிளார்க் ஒரு கோணிப்பையோடு, பிளாஸ்க்கோடு, உட்கார்ந்திருந்தார். ஓட்டத்துக்கான ஷூக்களை முன்கூட்டியே எங்களிடமிருந்து வாங்கிக் கோணியில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பதினோரு பேரும் ஒரே கடையில், ஒரே மாதிரி வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வாங்கியிருந்தோம். முந்தி வந்தவர்கள் அகப்பட்டதை மாட்டிக்கொண்டு போயிருந்தார்கள். வாந்தி எடுத்துவிட்டு இருவர் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். போட்டியில் இருந்தவர்களில் நான்தான் கடைசி. சைக்கிளை அவர் பக்கத்தில் கிடத்திவிட்டுக் கோணியைக் கவிழ்த்தேன். விழுந்தவற்றில் எதை எதோடு சேர்த்தாலும் ஜோடி வரவில்லை. கடைசியில் ஒரு எட்டாம் நம்பர், ஒரு ஆறாம் நம்பர். இரண்டும் இடது கால்.

"வலது எல்லாம் எங்கே சார்?"

"அதான் எனக்கும் புரியல" என்றார் ஹெட் கிளார்க். "அப்ப ரெண்டு வலது காலோட யாராரோ ஓடிட்டிருக்காங்கன்னு அர்த்தம்." பிளாஸ்க்கைத் திருகி மூடினார். "போதுமேங்க. வண்டி பிடிக்கிறேன், ஏறி வாங்க என்கூட. யாரு கேக்கப் போறா?"

இரக்கத்தோடுதான் சொன்னார். நான் எட்டை வலது காலில் மாட்டினேன், ஆறை இடது காலில் திணித்தேன். இதுவரை வந்துவிட்டு, கடைசி நாலு மைலில் மணப்பாறைக்குப் போவதா? ஓடினேன். ஓட்டம் என்று நான்தான் சொல்கிறேன். வலது கால் உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டே போனதால், நேராகப் போகப் பார்த்தவன் ரோட்டின் இடது ஓரச் சாக்கடைக்கே போய்ப் போய் நின்றேன். இரண்டாவது மைலில் ஷூக்களைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். எறியவில்லை. பசித்தது. பையில் கையைவிட்டு அந்தப் பொரிக் கூழில் ஒரு பிடி தின்றேன். ஆம், தின்றேன்.

அலுவலக வாசலுக்கு நான் வந்தபோது பதினொன்றரை. பொங்கலும் கொத்சுவும் தீர்ந்து, பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பரிசு கொடுத்து முடித்தாயிற்று. மேலாளர் மட்டும் வாசலில் நின்றிருந்தார். ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இனிமே உங்களப் பத்தி எனக்கு ஒரு கவலையும் இல்ல" என்றார்.

அந்த வாக்கியத்தை நான் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போகும் வரை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மணப்பாறை ஒழிந்தது. வீட்டில் மனைவி என்னை வாசலிலேயே நிறுத்தி, கிணற்றடிக்குப் போகச் சொல்லி, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உள்ளே விட்டாள். மூன்று நாள் படுத்திருந்தேன். தோளில் சைக்கிள் ஃபிரேமின் அச்சு நீலமாக விழுந்திருந்தது. ஆற்றுத் தண்ணீர் வயிற்றில் தன் வேலையைக் காட்டியது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். நூலகத்திலிருந்து தடிமனான புத்தகம் ஒன்றை எடுத்து வரச் செய்து தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். அவசரமில்லாமல் படிக்க இனி எத்தனையோ மாலைகள் இருக்கின்றன என்ற எண்ணம்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. மணப்பாறைக்கு மூன்று பெயர். முதல் பெயர் என்னுடையது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு ஹெட் கிளார்க் மேசைக்குப் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

"மொத லிஸ்ட்ல உங்க பேரு இல்லீங்க" என்றார். "முதுகுவலி, தூக்கக் கூடாது, ரொம்ப நேரம் உக்காந்து பஸ்ல போகக் கூடாதுன்னு, உங்க மெடிக்கல் லீவு சர்டிஃபிகேட்டெல்லாம் தேடி எடுத்து, நோட்டு போட்டு வச்சிருந்தேன். அவரும் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. விஜயதசமிக்கு முந்தின வாரமே."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பாலக்கரையில உங்களப் பாத்துட்டு நேரா என்கிட்டதான் வந்தாரு. 'யாரு இந்தாளுக்கு முதுகுவலின்னு எழுதினது?'ன்னாரு. நான் என்னத்தச் சொல்றது?" பேனாவை மறுபடி திறந்தார். "அங்கே பஸ் ஸ்டாண்டுலேந்து ஆபீசு ஒன்ற மைலு இருக்கும்னு சொல்றாங்க. உங்களுக்கென்னங்க, நீங்க பஸ்ஸையே தூக்கிட்டுப் போயிடுவீங்க."